குழுவுக்குப் போன அம்மாவும் மாத்திரை எண்ணும் அக்காவும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து:

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலில் தொடங்கியது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989இல். ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவ, மாநில மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. கிருஷ்ணகிரியும் அப்போது எங்கள் மாவட்டம்தான். 2004இல்தான் பிரிந்தது.

எங்கள் ஊருக்குக் குழு வந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தீர்மான நோட்டில் கைநாட்டு வைக்க அம்மாவுக்கு வெட்கம். ராத்திரி என் சிலேட்டை வாங்கிவைத்து எழுதிப் பழகுவார். பேரில் ஒரு 'ளு' வரும். அந்தச் சுழி மட்டும் ஒரு வாரம் வரவே இல்லை. முதல் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. குழுக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கினோம். எட்டாவதோடு என்னை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது, "பால் காசு இருக்கு, அவ படிக்கட்டும்" என்று அம்மாதான் சொன்னார். அந்தக் குரல் அவருக்குக் குழுவில் பேசிப் பழகியதால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் மாத்திரை தீர்ந்தால் பத்துநாள் சும்மா இருந்துவிடுவார். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு தேடி வரும் தன்னார்வலர்களும் குழுப் பெண்கள்தான். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா, அம்மாவோடு குழுவில் இருந்தவரின் மகள். பிரஷர் பார்த்து முடித்ததும் பழைய அட்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். "சித்தி, நாலு மிச்சம் இருக்கே. எந்த நாலு நாளு விட்டீங்க?" டாக்டரிடம் 'ஒழுங்காப் போடறேன்' என்று சொல்லிவிடும் அம்மா, இவரிடம் தப்ப முடியாது.

பாலக்கோட்டுப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுக்கும்போது "சிரிங்கம்மா" என்பார் போட்டோக்காரர். பெண் பிள்ளைகள் வரிசையில் பாதிப்பேர் வாயை இறுக்கிக்கொள்வார்கள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லும் பிள்ளைகளை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்!

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் கட்டி, 2013இல் திறந்தார்கள். ஒரு ஆட்சி தொடங்கியதை அடுத்த ஆட்சி முடித்தது. இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர்தான் கணக்கு. அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்குக் காவிப் பல், பத்து வயது இளைய தங்கச்சிக்கு வெள்ளைப் பல். ஒருமுறை அவளைக் கூட்டிவந்த அவன், "இவ பல்லப் பாருங்க சார்" என்று என்னிடம் காட்டினான். அவன் சொன்னது பெருமையாகத்தான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஆனால் குழாய் உடைந்து ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டால் ஊர் மறுபடி போர் தண்ணிக்கே போகிறது. திறப்பு விழாவுக்குக் காட்டும் அக்கறையைப் பராமரிப்புக்கும் காட்ட வேண்டும்.

மறுபடி பென்னாகரத்திலிருந்து:

ஐயா, நீங்கள் சொன்னதும் இது நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளியில் காலை உணவு சமைப்பதும் குழுப் பெண்கள்தான். விடியுமுன் தக்காளி பறிக்கப் போகிற தாய்மார் இப்போது பிள்ளைக்குப் பழைய சோறு மூடிவைத்துவிட்டுப் போவதில்லை. ஆனாலும் அறுப்பு முடிந்தால் பாதி வீடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பூட்டிக்கொண்டு போகிறது. பிள்ளைகளும் கூடவே. உள்ளூரில் வேலை உண்டாக்காமல் இதற்கு விடிவில்லை. போன தை மாதம் பெயர்ப் பதிவேட்டில் ஒரே தெருவில் ஆறு பிள்ளைகளுக்கு 'வரவில்லை'. தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன.