பூனை மணல் வீடு முழுக்கப் பரவுகிறது, வழி சொல்லுங்கள்

பூனை வளர்ப்பவர்களிடம் ஒரு உதவி. எங்கள் பூனைக்கு வயதாகிவிட்டது. மலஜலம் கழிக்க வைத்திருக்கும் மணல் பெட்டியை ஒழுங்காகத்தான் பயன்படுத்துகிறாள், அதில் குறையே இல்லை. ஆனால் வெளியே வரும்போது மணலும் கூடவே வந்துவிடுகிறது. விரல் இடுக்கில் முடி அதிகம்; ஈரம் பட்டால் கட்டியாகிற பென்டோனைட் என்ற களிமண் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு சோபா, கட்டில், தலையணை வரை போய்விடுகின்றன. வெறுங்காலில் நடந்தால் நறநறவென்கிறது. ஈரத்துணி பட்டால் களிமண்ணாக இழுபடுகிறது, அதனால் பெருக்காமல் துடைக்கவே முடியாது.

பெட்டிக்கு முன்னால் துளை வைத்த இரட்டை அடுக்கு மிதியடி போட்டேன். அவள் அதன் ஓரமாக இறங்கிப் போய்விடுகிறாள்! மேல்பக்கம் வாசல் உள்ள பெட்டி நல்லது என்கிறார்கள். மூட்டுவலி உள்ளவளை ஏறிக் குதிக்க வைக்க எனக்கு மனமில்லை, அது வேண்டாம்.

பைன் மரக் குருணை பெரிதாக இருப்பதால் அவ்வளவாக ஒட்டாதாமே? பழைய மணலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம் என்று நினைக்கிறேன். வயதான பூனைக்கு அப்படி மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? பாதத்தில் குத்துகிறதென்று பெட்டியையே ஒதுக்கிவிடுமோ என்பதுதான் பயம். அப்புறம், பாத முடியைக் கத்தரிக்கும்போது காலை இழுக்காமல் இருக்க எப்படிப் பிடிக்கிறீர்கள்?