புதுப்பிப்பு: பாண்டியர் சதுரக் காசு கைக்கு வந்தது
சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசு ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாகத் தேடிவருவதாகவும், முதலில் வாங்கியது போலியாகிவிட்டதாகவும் ஆடி மாதத்தில் எழுதியிருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை, தம் சேகரிப்பைக் குறைத்துக்கொள்ள விரும்பிய தக்கலைப் பெரியவர் ஒருவரிடமிருந்து உண்மையான காசு கிடைத்துவிட்டது.

முகப்பில் யானை தெளிவாக நிற்கிறது. மேலுள்ள சின்னங்கள் பாதி தேய்ந்திருக்கின்றன. பின்புறத்தில் பாண்டியரின் மீன், சில கோடுகளாலேயே, அத்தனை அழகாக வரையப்பட்டிருக்கிறது. போலியில் கண்ட காற்றுக்குமிழ்க் குழிகளும் விளிம்பில் அரம் தேய்த்த தடமும் இதில் இல்லை என்பதை உருப்பெருக்கியில் இருமுறை பார்த்த பிறகே விலை பேசினேன்.

புளியிட்டுத் துலக்கச் சொன்ன நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பச்சைக் களிம்போடு உருவமும் அரிக்கப்பட்டுவிடும் என்பதால் அதை யாரும் செய்ய வேண்டாம். தாத்தா தந்த, சக்கரம் எனப்படும் பழைய திருவிதாங்கூர்க் காசுகளுக்கு அருகிலேயே இதை வைத்திருக்கிறேன்.