புறவாசலுக்கு வந்த ஆறுமணிக்குருவியைப் படம் எடுப்பது எப்படி?

மலையடி வீடு:

எல்லோருக்கும் வணக்கம். களக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்கு மேற்கே வாழைத்தோட்டம், அதைத் தாண்டினால் மலைதான். புறவாசலில் ஒரு கிணறு, தொழுவம், ஒரு மாமரம், இரண்டு வேம்பு, முருங்கை, மூலையில் நாரத்தை. நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் எனக்குக் காக்கையும் மைனாவும் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். மதில் மேல் நடப்பது செம்போத்து, மாட்டு முதுகில் உட்கார்ந்து வருவது கரிச்சான், மின்கம்பியில் இருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கிற பச்சைக்காரன் பஞ்சுருட்டான் என்று.

விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நாலைந்து காக்கைகள் எதையோ கொத்த வந்துகொண்டிருந்தன. போய்ப் பார்த்தால் மைனாவை விடச் சின்னதாக ஒரு பறவை, சுவரோடு ஒண்டி நிற்கிறது. முதுகு பச்சை, தோளில் மட்டும் பளிச்சென்று நீலம், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினது போலக் கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, வெட்டி விட்டது போல இருந்தது. பறக்கவும் தெம்பில்லை. அத்தை ஓடி வந்து கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தை அதன் மேல் கவிழ்த்து, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடிவிட்டாள். நான் அரிசியும் கம்பும் வைத்தேன், தொடவே இல்லை. சாயங்காலம் காக்கையெல்லாம் அடையப் போன பிறகு சாக்கை எடுத்துப் பஞ்சாரத்தைத் தூக்கினோம். இரண்டு தத்து தத்தி மாமரத்து வேருக்குப் போனது. அங்கிருந்து விருட்டென்று நாரத்தைக்குள் புகுந்துவிட்டது.

மறுநாள் இருட்டுகிற நேரம், வேலிப் பக்கமிருந்து தெளிவாக இரண்டு சீட்டி. "இது ஆறுமணிக்குருவில்லா" என்றாள் அத்தை. அவளுடைய அம்மை இந்தச் சத்தம் கேட்டுத்தான் விளக்கேற்றுவாளாம்.

அன்றிலிருந்து பத்து நாளாக அதைப் படம் எடுக்க முயற்சி பண்ணுகிறேன். பழைய கேனன் 1500டி ஒன்று வாங்கியிருக்கிறேன், லென்ஸ் 55-250 எம்எம் ஜூம். ஆறு மணிக்குத்தான் அது கூப்பிடுகிறது, நானும் அப்போதுதான் போகிறேன். எங்கள் ஊரில் மேற்கே மலை இருப்பதால் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். ஆறு மணிக்கு வேலியடியில் ஒரே இருட்டு. எடுத்த படமெல்லாம் பச்சையாக ஒரு கலங்கல். கிட்டே போனால் ஓடிவிடுகிறது. பெரும்பாலும் பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம்தான் மேய்கிறது. எங்கள் பக்கம் அத்தை தினமும் வாரியலால் கூட்டிச் சருகைக் குவித்துத் தீ வைத்துவிடுவாள், சுத்தமாக இருக்கும். இருந்தும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

அதன் சத்தத்தை போனில் போட்டால் வரும் என்று என் தம்பி சொல்கிறான். போடலாமா? இன்னொன்று, தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. வெடிச் சத்தத்தில் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கன்னடியன் கால்வாய்:

தங்கச்சி, நான் சேரன்மகாதேவிக்காரன். முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன். பறவைப் பித்து பிடித்து எட்டு வருஷம் ஆகிறது.

முதலில் ஆறு மணியை விட்டுவிடுங்கள். அது கூப்பிடுகிற நேரம், மேய்கிற நேரம் வேறே. கூப்பிடுவதைக் காதால் அனுபவியுங்கள். படத்துக்குக் காலை ஆறே முக்காலில் இருந்து எட்டு மணி வரை உட்காருங்கள். உங்கள் புறவாசல் மேற்குப் பார்த்தது என்றால் அந்நேரம் வீட்டு நிழல் முற்றத்தில் விழும், ஆனால் வானமெல்லாம் வெளிச்சம் பரவியிருக்கும். அந்த நிழல்வெளிச்சம் இந்தப் பறவைக்கு அருமையாக இருக்கும். நேர் வெயிலில் மார்பு மஞ்சள் வெளிறிப் போகும், நிழலில்தான் நீலமும் சிவப்பும் நிற்கும். சூரியனும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

அது மேய்வதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தத்தும், அலகால் ஒரு சருகைப் புரட்டும், அப்படியே சிலை போல நிற்கும். நிற்பது ஒன்றிரண்டு நொடி. அந்த நொடிக்குத்தான் நாம் காத்திருக்க வேண்டும். தத்தும்போது அமுக்கினால் கலங்கல்தான். உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், அதனால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. நின்றதும் மூன்று படம், கை எடுங்கள். மறுபடி நின்றதும் மூன்று.

லென்ஸ் முழுசாக 250-ல் வைத்து, லென்ஸ் திறப்பு எஃப் 5.6. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்குகிற திறனை, 3200 வரை பயப்படாமல் ஏற்றுங்கள். பொரிப் பொரியாக வரும், வரட்டும். பொரியைக் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது. ரா ஃபைலாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப்படமாக எடுத்தால் அதற்கு இன்னும் வசதி. கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடியை விட மெதுவாகப் போகாதீர்கள். கேமராவை எதன் மேலாவது தாங்க வைத்தால் 1/100 கூடப் போதும். இதற்கென்று காசு செலவழிக்க வேண்டாம். பழைய பேன்ட் காலில் ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, நெல்லை நிரப்பி மறுபக்கத்தையும் தையுங்கள். அடுக்களைப் படியில் அந்த மூட்டையைப் போட்டு லென்ஸை அதில் புதைத்தால் அசையாது. நீங்களும் தரையில் உட்காருங்கள், ஸ்டூல் வேண்டாம். நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் தெரியும். லென்ஸ் தரையை ஒட்டி இருந்தால் அதன் கண்ணுக்கு நேராக இருப்பீர்கள், பின்னால் இருக்கிற வேலியும் மங்கி ஒதுங்கிவிடும்.

ஃபோகஸ் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முன்னால் நிற்கிற புல்லைப் பிடித்துக்கொள்ளும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டில் பூச்சி பொறுக்குகிற பறவையின் கண்ணில் போய் அடிக்கக் கூடாது.

கரிச்சான் படம் கரிக்கட்டியாக வருகிறது என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழுகிற வெளிச்சத்தை, ஒரு படி கூட்டுங்கள். வெள்ளைக் கொக்குக்கு ஒரு படி குறையுங்கள். அவ்வளவுதான்.

மருதமரத்தடி:

மகளே, நான் திருப்புடைமருதூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆற்றங்கரை மருதமரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற ஊர் அது. 2005-ல் அரசு அதைப் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதற்கு முந்தியே ஊர்க்காரர்கள் யாரையும் கல்லெடுத்து எறிய விடமாட்டார்கள்.

உன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் பக்கம் சுத்தமாக இருப்பதால்தான் அது வரவில்லை. அதற்குச் சாப்பாடே சருகுக்கு அடியில்தான். கறையான், மண்புழு, வண்டு, சின்னப் புழுக்கள். அரிசியும் கம்பும் அது தின்னாது. அத்தை தினமும் கூட்டித் தீ வைத்தால் அதன் சோற்றுப்பானையில் தீ வைத்தது போல. முற்றம் முழுவதையும் கூட்டாமல் விடச் சொல்லவில்லை, பாம்பு பயமும் இருக்கும். மாமரத்துக்கும் நாரத்தைக்கும் நடுவே ஒரு கட்டில் அளவு இடம் ஒதுக்கு. கூட்டுகிற சருகை அங்கே கொண்டு கொட்டு, கை தடிமனுக்கு இருக்கட்டும். இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிடு. பத்து நாளில் அடியில் ஈரம் பிடித்து உயிர் ஊற ஆரம்பிக்கும்.

இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடக்கே இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வருவதற்கு முன்னால் நம் பக்கமும் இலங்கைக்கும் இறங்கி வரும். ராத்திரியில்தான் பறக்கும். உன் வீட்டுக் கல்லடியில் அன்றைக்கு ஒண்டி நின்றது அந்தப் பயணக் களைப்புதான். பலதும் இப்படி வெளிச்சம் பார்த்து இறங்கி, சன்னல் கண்ணாடியில் மோதிச் செத்துப்போகும். உன் அத்தை பஞ்சாரத்தைக் கவிழ்த்து இருட்டாக மூடியது மிகவும் சரி. சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். அதுவரை ஆறு மாதம் அந்த வேலியடிதான் அதற்கு வீடு.

அதனால்தான் சொல்கிறேன், போனில் சத்தம் போடாதே. இன்னொரு குருவி தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது என்று நினைத்து மேய்ச்சலை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். நமக்கு ஒரு படம் கிடைக்கும், அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போகும். தினமும் போட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் செம்பருத்திச் செடியில் கொண்டைக்குருவி கூடு வைத்திருந்தது. இரண்டு குஞ்சு. படத்தில் ஒரு இலை மறைக்கிறது என்று துணி கவ்வுகிற கிளிப்பைப் போட்டு அந்தக் கொப்பை ஒதுக்கிவிட்டேன். தாய் வந்து ஊட்டுகிற படம் அழகாகக் கிடைத்தது. கிளிப்பை எடுக்க மறந்து வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் காலையில் கூடு காலி. மதிலில் காக்கை உட்கார்ந்திருந்தது. தாயும் தகப்பனும் வாயில் பூச்சியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை. அதற்கப்புறம் கூட்டுப் பக்கமே கேமராவைக் கொண்டு போனதில்லை.

பூனை இருந்தால் கவனம். தரையில் மேய்கிற பறவை, பூனைக்கு ரொம்பச் சுலபம்.

நாரைக்குளத்தான்:

அக்கா, எங்கள் ஊரில் இருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் கூப்பிடு தூரம். வெடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி கிடையாது. வீட்டுப் புறவாசல் மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும், எச்சமெல்லாம் தலையில் விழும், யாரும் விரட்ட மாட்டார்கள். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பழக்கம் அதற்கும் முந்தியது. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எடுத்துப் போடுவார்கள், நல்ல உரம்.

உங்கள் குருவி ஒரு நாள் வெடிக்கு ஊரை விட்டுப் போகுமா என்பதை விட, பயந்து இருட்டில் பறந்து எதிலாவது மோதுவதுதான் ஆபத்து. புறவாசலில் வெடிக்காமல் தெருப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராத்திரி புறவாசல் லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு மண் தாலத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவிகள் அதில் நின்று குளிக்கும். தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு. எங்கள் வீட்டில் தையல்சிட்டு, மாங்குயில் எல்லாம் அதில் வந்து குளித்தன. பொங்கலை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், உங்கள் புறவாசலில் 15 நிமிஷம் எண்ணி, இபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தாலே போதும். கட்டாயம் செய்யுங்கள்.

மலையடி வீடு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன்.

சருகு விஷயத்தில் அத்தையைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. குப்பை கிடந்தால் லட்சுமி வரமாட்டாள் என்றாள். டீச்சரம்மா சொன்னதை, "சோற்றுப்பானையில் தீ வைத்தது போல" என்பதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அதற்கு அவள் பதிலே பேசவில்லை. மறுநாள் அவளே கூட்டின சருகைக் கடவத்தில் அள்ளி மாமரத்தடியில் கொண்டு கொட்டினாள்.

தீபாவளிக்கு என் மகனும் தெருப் பிள்ளைகளும் கோயில் முக்கில் போய் வெடித்தார்கள். லைட்டை அணைத்துவிட்டோம். மறுநாள் காலை சத்தம் இல்லை. சாயங்காலமும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மறுநாள், மழை விட்ட நேரம், வேலியடியில் இருந்து அதே இரண்டு சீட்டி.

அண்ணாச்சி, நெல் மூட்டை தைத்துவிட்டேன். அடுக்களைப் படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, பழைய வேட்டியை வாசலுக்குத் திரையாகத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழைகிற அளவு மட்டும் இடம் விட்டேன். ஆறு நாள் உட்கார்ந்தேன், வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஏழாம் நாள் தவிட்டுக்குருவிகள் வந்து சருகை வாரி இறைத்துவிட்டுப் போயின. அவை போன கொஞ்ச நேரத்தில் இது நாரத்தைக்கு அடியில் இருந்து தத்தி வந்தது. பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். ஒரு மாவிலையை அலகால் கவ்வி, அப்படியே ஓரமாகத் தூக்கி வைத்தது. நாம் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்புகிற மாதிரி. அடியில் இருந்து ஒரு மண்புழுவை இழுத்தது. புழு ரப்பர் போல நீண்டு டக்கென்று வந்தபோது குருவி ஒரு அடி பின்னால் போய் நின்றது. வாலை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அப்போது அமுக்கினேன். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100. அலகில் ஒட்டியிருந்த ஈர மண்கூடத் தெரிகிறது.

அத்தையிடம் கேமராவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எங்கம்மை சாகுற மட்டும் இதைப் பார்த்ததில்லை. சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கா" என்றாள். சின்ன அளவில் பிரிண்ட் போட்டு விளக்குமாடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கழுத்தில் மணி கட்டச் சம்மதித்திருக்கிறார்கள். தண்ணீர்த் தாலத்தில் இதுவரை மைனாவும் கொண்டைக்குருவியும் மட்டும்தான் குளிக்கின்றன. நேற்று சாயங்காலம் வாழைத்தோட்டத்துக்குள் இருந்து இரண்டாவதாக ஒன்றும் பதில் சீட்டி கொடுத்தது. அங்கே தோட்டக்காரர் வெட்டின வாழைச் சருகை அப்படியே போட்டிருப்பார், அதுதான் காரணமாக இருக்கும்.

முருங்கை பூத்ததும் தேன்சிட்டுக்கு ஷட்டர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்க மறுபடியும் வருவேன்.

கன்னடியன் கால்வாய்:

தங்கச்சி, படத்தைப் பார்த்தேன். கண்ணில் வெளிச்சப் புள்ளி விழுந்திருக்கிறது, அதுதான் உயிர். தேன்சிட்டுக்கு 1/1000-க்குக் குறையாமல் வையுங்கள், அது பூவில் உட்கார்ந்திருந்தாலும் தலை நிற்காது. வெயில் ஏறினதும் எடுங்கள், அந்தக் கழுத்து மின்னுவதற்கு வெயில் வேண்டும்.