சுகர் டாக்டரும் மனநல டாக்டரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, ஆனா தீபாவளிக்கு அப்புறம் ஆளே மாறிட்டாங்க, தூக்கம் இல்ல, சீரியல்கூட பாக்குறதில்ல, இன்சுலின் போடுங்கம்மான்னா "போட்டு என்ன ஆகப்போகுது"ன்னு அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்குறாங்க. இன்சுலின் பேனா ஃப்ரிட்ஜ் கதவுல அப்படியே கிடக்கு. மூணு மாச சுகர் டெஸ்ட்ல 10.2 வந்துச்சு, சுகர் டாக்டர் பாத்துட்டு டோஸ் ஏத்திட்டார். மனநல டாக்டர் குடுத்த மாத்திரையில இப்ப ராத்திரி பசி எடுக்குது, பிஸ்கட் பாக்கெட் பாக்கெட்டா காலியாகுது. இவர்கிட்ட கேட்டா அவரைக் கேளுங்கன்றார், அவர்கிட்ட கேட்டா இவரைக் கேளுங்கன்றார். ரெண்டையும் சேத்துப் பாக்குற இடம் எங்கயாவது இருக்கா?

வார்டு அக்கா:
தங்கச்சி, முதல்ல ஒண்ணு கேக்குறேன், அம்மா ஊசி போடுறதில்லன்னு சுகர் டாக்டருக்குத் தெரியுமா? நீங்க எழுதினதைப் பாத்தா தெரியாது போல. ஊசி போட்டும் குறையலன்னு நெனச்சு அவர் டோஸ் ஏத்துறார், ஒருநாள் அம்மா மனசு மாறி அந்த ஏத்தின டோஸை முழுசா போட்டுட்டு சாப்பிடாம படுத்தா சுகர் லோ ஆகி மயக்கமே வந்துரும். நாளைக்கே போன் பண்ணி சொல்லிருங்க. பசி விஷயமும் அப்படித்தான், மிர்டாஸபின் மாதிரி சில மனச்சோர்வு மாத்திரைக்கு பசி கூடும், எடை கூடும், சுகர் இருக்குன்னு தெரிஞ்சா மாத்தித் தர வழி இருக்கு. நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கேஸ்ல டாக்டர் குறை கம்மி, நடுவுல ஆள் இல்லாததுதான் குறை.

சியாட்டில் தம்பி:
அக்கா சொன்ன அந்த நடு ஆளை வச்சுத்தான் இங்க ஒரு முறையே இருக்கு, கொலாபரேட்டிவ் கேர்னு பேரு. இங்க சியாட்டில்ல இருக்குற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இருந்துதான் இது பெருசா பரவுச்சு, 2002லயே 1801 வயசானவங்களை வச்சு ஆய்வு பண்ணி வழக்கமான வைத்தியத்தை விட மனச்சோர்வு நல்லா குறையுதுன்னு காட்டினாங்க. குடும்ப டாக்டர்கிட்டயே வைத்தியம், கேர் மேனேஜர்னு ஒருத்தர் போன் போட்டு விசாரிச்சுட்டே இருப்பாங்க, மனநல டாக்டர் பின்னாடி இருந்து அவங்களோட உக்காந்து கேஸ் கேஸா பாத்து, முன்னேற்றம் இல்லன்னா மருந்தை மாத்தச் சொல்லுவார், பெரும்பாலானவங்களை நேர்ல பாக்கக்கூட மாட்டார். நம்ம ஊர்ல நடக்காதுன்னு யாரும் சொல்லிராதீங்க, சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம்னு நாலு ஊர் சுகர் கிளினிக்ல 404 பேரை வச்சு இன்டிபென்டன்ட்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2020ல ரிசல்ட் வந்துச்சு. அதுல நடு ஆள் டாக்டரே கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா மனச்சோர்வு பாதிக்கு மேல குறைஞ்சு, அதோட சுகர், பிரஷர், கொழுப்புல ஒண்ணாவது இறங்கினவங்க நடு ஆள் இருந்த குழுவுல 71.6 சதவீதம், வழக்கமான வைத்தியத்துல 57.4. இவ்வளவுக்கும் அந்த உதவி முதல் வருஷம் மட்டும்தான், ரெண்டாவது வருஷம் சும்மா கவனிச்சாங்க.

குமரி மைந்தன்:
தம்பி, ஆய்வு சரி, அந்த ஆளுக்கு சம்பளம் யாரு குடுப்பா? ஆய்வு முடிஞ்சா அந்த வேலையும் போயிரும். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து சுகர் பிரஷர் மாத்திரை குடுக்குறாங்கல்லா, வாசல் வரைக்கும் வர்ற ஆளு மனசு எப்படி இருக்குன்னும் ரெண்டு கேள்வி கேட்டா எவ்வளவு நல்லாருக்கும். இது வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அதுவரைக்கும் தங்கச்சி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க, சுகர் ஓபியும் மனநல ஓபியும் ஒரே காம்பவுண்டுல இருக்கும், ஒரே நோட்டுல ரெண்டு பேரையும் எழுதச் சொல்லுங்க.

நெல்லைப்பொண்ணு:
ஊசி போடாதது டாக்டருக்குத் தெரியாதுதான் அக்கா, அம்மா சொல்ல விடல, திட்டுவார்னு பயம். காலைல போன் பண்றேன். அந்த நடு ஆள் வேலைய நானே பண்ணலாம்னு பாக்குறேன், எதைப் பாத்து எழுதணும்?

வார்டு அக்கா:
காலைல வெறும் வயித்து சுகர், ஊசி போட்டாங்களா, சாப்பிட்டாங்களா, தூங்குனாங்களா, அவ்வளவு போதும். அப்புறம் பிஹெச்க்யூ-9ன்னு 9 கேள்வி இருக்கு, போன ரெண்டு வாரத்தைப் பத்திக் கேக்கும், மொத்தம் 27 மார்க், 10 இல்ல அதுக்கு மேல இருந்தா கவனிக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை போட்டு அந்த நம்பரை சுகர் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, அவங்களுக்கு நம்பர்னா புரியும். ஒன்பதாவது கேள்வி உயிரை விட்டுரலாம்னு தோணுதான்னு இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துரும்னு பயப்படவும் வேணாம். அம்மா ஆமான்னா அன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் தனியா விடாதீங்க, இன்சுலினையும் மாத்திரையையும் நீங்களே எடுத்து வச்சுக்கோங்க. ராத்திரின்னா டெலிமனஸ்னு அரசோட மனநல உதவி நம்பர் 14416, தமிழ்லயே பேசுவாங்க.