அடுப்புக்கு மேலே கூரையில் ஈரம்: ஒழுகலா, ஆவியா?

மலைவழிப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கேரவனில் அடுப்புக்கு நேர் மேலே, கூரைச் சாளரத்தின் சட்டத்தைச் சுற்றி ஈரம் படிகிறது. கூரை ஒழுகுகிறது என்று எண்ணி, சென்ற மாதம் ஏணி வைத்து மேலே ஏறி, சாளரத்தின் விளிம்பு முழுவதும் சிலிக்கோன் பூசினேன். அதன் பிறகும் ஈரம் நிற்கவில்லை.

இப்போது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. இரவில் குளிர் கடுமையாக இருப்பதால் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு, அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உள்ள சல்லடைத் துவாரத்தையும் பழந்துணியால் அடைத்து வைத்திருக்கிறேன். நேற்று மாலை வைத்த அரிசி எவ்வளவு நேரமாகியும் வேகவில்லை. தொட்டுப் பார்த்தால் மேலே குழைந்து, நடுவில் அரிசியாகவே நின்றது. மீண்டும் நீர் ஊற்றி வேக வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பாலும் பொங்கி வலப்பக்க பர்னரின் மேல் வழிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சாளரச் சட்டத்தின் ஒரு திருகின் தலையில் தொங்கிய நீர்த்துளி, சரியாகப் பால் பாத்திரத்துக்குள் விழுந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடப்பக்க பர்னர் நீலமாக எரிகிறது. வலப்பக்கத்தில் ஒரு வாரமாகவே மஞ்சள் சுடர்தான் வருகிறது. பாத்திரத்தின் அடியில் விரலை வைத்தால் கரி ஒட்டிக்கொள்கிறது. சாளரத்தைக் கழற்றிப் புதிதாகப் பொருத்த வேண்டுமா, அடுப்பை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நீலச்சுடர்:

நண்பரே, மற்றவை எல்லாம் இருக்கட்டும்; இதைப் படித்தவுடன் எழுந்து சென்று, தரைத் துவாரத்தில் நீங்கள் திணித்த துணியை எடுத்துவிடுங்கள். அந்தத் துவாரம் குளிர் உள்ளே வருவதற்காக வைக்கப்பட்டதன்று, எரிவாயு வெளியே போவதற்காக வைக்கப்பட்டது. சிலிண்டரில் வரும் வாயுக்களில் புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு. குழாயிலோ பர்னரிலோ சிறு கசிவு ஏற்பட்டாலும் வாயு தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும்; மேலே எத்தனை சாளரம் திறந்திருந்தாலும் அது அவ்வழியாகப் போகாது.

மஞ்சள் சுடரும் மூடிய வண்டியும் சேர்ந்திருப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. மஞ்சள் சுடர் என்றால் வாயுவுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, எரிதல் முழுமையாக நடக்கவில்லை என்று பொருள். பாத்திரத்தின் அடியில் படியும் கரி கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு சேர்ந்து உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த பர்னரைச் சரிசெய்யும் வரை பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பார்த்துவிடுங்கள். எரிவாயுவைக் காட்டும் டிடெக்டர் தனியாக இருந்தால், அது தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே விடைக்கான தடயம் இருக்கிறது. ரெகுலேட்டரில் கோளாறு என்றாலும், உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைந்ததால் வந்த விளைவு என்றாலும், இரண்டு பர்னர்களிலும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மஞ்சளாக எரிவதால் கோளாறு அந்த பர்னருக்குள்தான் இருக்கிறது. பால் பொங்கியது நேற்றுதான், கரியோ ஒரு வாரமாகப் படிகிறது. ஆகவே பால் அல்ல முதற்காரணம். பர்னர் தலைக்குக் கீழே வாயுவும் காற்றும் கலக்கும் குழலைப் பாருங்கள். நெடுநாள் பயன்படுத்தாத வண்டிகளில் சிலந்திகள் அதற்குள் கூடு கட்டுவது மிகச் சாதாரணம். சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றி, குழலுக்குள் மெல்லிய தூரிகையை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த பால் அடைத்த துளைகளை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின் மாட்டுங்கள். வாயு வரும் பித்தளை ஜெட்டின் துளையை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். துளை மயிரிழை அளவு பெரிதானாலும் வாயு கூடுதலாக வந்து சுடர் மறுபடி மஞ்சளாகிவிடும். வாயுக் குழாயின் இணைப்பு எதையாவது தளர்த்த நேர்ந்தால், மீண்டும் இறுக்கிய பிறகு சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியை ஒருபோதும் அருகில் கொண்டு போகாதீர்கள்.

நெடுஞ்சாலைவாசி:

துணியைப் பற்றி மேலே சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். கூரை ஈரத்துக்கு வருவோம்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது ஒழுகல் அன்று, அடுப்பிலிருந்து எழும் நீராவி குளிர்ந்து படிவது என்றே தோன்றுகிறது. சோற்றுப் பானையிலிருந்து எழும் ஆவியை மட்டுமே நாம் கணக்கில் வைக்கிறோம். எரிவாயு எரிவதாலேயே நீர் உண்டாகிறது என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஒரு கிலோ புரோப்பேன் முழுமையாக எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிப்படும். ஒன்றரைக் கிலோவாட் பர்னர் ஒரு மணி நேரம் எரிந்தால் அதிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு தம்ளர் நீர் காற்றில் கலந்துவிடும். மூடிய வண்டியில் அது எங்கே போகும்? உள்ளே மிகக் குளிர்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் படியும். கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் உலோகத் திருகுகள்தான் அந்த இடம். அதனால்தான் திருகின் தலையில் துளி தொங்கியது.

சந்தேகம் தீர இரண்டு சோதனைகளை வெவ்வேறு நாள்களில் செய்யுங்கள். ஒரு நாள் உள்ளே எதையும் சமைக்காமல், கூரையில் சாளரத்தைச் சுற்றித் தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாக நீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். மழையில்லாத இன்னொரு நாள், ஜன்னலைச் சிறிது திறந்து, கூரை விசிறியை ஓடவிட்டுச் சமையுங்கள். விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லையென்றால், அது வீணாகத்தான் சுழலும். ஒழுகல் என்றால் சட்டத்தைத் தாண்டிப் பலகையில் பழுப்பு நிற வளையக் கறை இருக்கும், விரலால் அழுத்தினால் பலகை மெத்தென்று உள்வாங்கும்.

சிலிக்கோன் பூசியது எனக்குச் சற்று வருத்தமாக இருக்கிறது. உங்கள் கூரை ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர் விரிப்பாக இருந்தால் சிலிக்கோன் அதில் சரியாகப் பிடிக்காது. அதைவிடத் தொல்லை, ஒருமுறை சிலிக்கோன் பட்ட இடத்தில் வேறு எந்த சீலண்டும் (இடைவெளியை அடைக்கும் பசை) எளிதில் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக உரித்தெடுங்கள். பெட்ரோலியம் சார்ந்த கரைப்பான் எதையும் ரப்பர் கூரையில் ஊற்றாதீர்கள், விரிப்பு உப்பிவிடும். சட்டத்தைக் கழற்ற நேர்ந்தால் அதன் அடியில் புதிய பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), மேலே தானாகப் பரவிச் சமமாகும் கூரை சீலண்ட். இந்த இரண்டும்தான் அதற்கு உரியவை. டேப் மெதுவாக நசுங்கி அமரும் என்பதால் ஓரிரு நாள் கழித்துத் திருகுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

அரிசி வேகாததற்கும் இடமே காரணம். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைகிறது; உங்கள் இடத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சுடரை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. பிரஷர் குக்கர் வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அரை மணி நேரம் ஊற வைத்து, இறுக்கமாக மூடி வேக வையுங்கள். அடுப்பு எரியும் நேரம் குறைவதால் கூரையில் படியும் ஈரமும் குறையும்.

மலைவழிப் பயணி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துணியை அன்றிரவே எடுத்துவிட்டேன். அதை அடைத்தபோது என் குழந்தைகளும் அதே தரையில்தான் உறங்கினார்கள் என்பதை நினைக்கவே நடுங்குகிறது.

வலப்பக்க பர்னரைக் கழற்றினேன். குழலின் வளைவில் பஞ்சுத்திரி போல வெண்மையான ஒரு சிலந்திக் கூடு பாதி வழியை அடைத்திருந்தது. தூரிகையில் அது முழுதாகச் சுற்றிக்கொண்டு வந்தது. இப்போது இரண்டு பர்னர்களும் ஒரே நீலத்தில் எரிகின்றன, புதிதாகத் தேய்த்து வைத்த பாத்திரத்தின் அடி மூன்று வேளை சமைத்த பிறகும் பளிச்சென்று இருக்கிறது.

சமைக்காத நாளில் கால் மணி நேரம் நீர் ஊற்றியும் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. ஜன்னலை நான்கு விரல் திறந்து விசிறியை ஓடவிட்டுச் சமைத்த நாளில், திருகுகளின் தலை உலர்ந்தே இருந்தது. ஆனாலும் கூரையிலிருந்து சிலிக்கோனை உரித்தபோது, பின்பக்க மூலையில் பழைய சீலண்ட் வெடித்திருப்பதைக் கண்டேன். இன்னும் பலகை வரை நீர் இறங்கவில்லை. மழை தொடங்குவதற்குள் சட்டத்தைக் கழற்றிப் புதிய பியூட்டைல் டேப் வைக்கப் போகிறேன். பழைய டேப்பின் பிசுக்கு ரப்பரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கரைப்பான் இல்லாமல் எப்படி அகற்றுவது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலைவாசி:

அந்த டேப்பிலிருந்தே ஒரு துண்டை உருட்டி, பிசுக்கின் மேல் அழுத்தி அழுத்தி எடுங்கள். தன் இனத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தைச் சோப்பு நீரால் துடைத்து, முழுதாக உலரவிட்ட பிறகே புதியதை வையுங்கள்.