எழுந்து போவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா: வேறொரு சபையின் ஆராதனையில் முதல் நாள்

நான் பிறந்து வளர்ந்தது பெந்தெகொஸ்தே சபையில். கைதட்டிப் பாடுவோம். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போம். எழுதி வைத்து வாசிக்கும் ஜெபத்தில் உயிர் இருக்காது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் தோழி கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவள். "உங்கள் ஆராதனை எப்படி இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டேன். "சொன்னால் புரியாது, வந்து பார்" என்றாள். நாங்கள் பேசி வைத்த ஞாயிற்றுக்கிழமை அவளால் வர முடியவில்லை. சரி, நாமே போய்விடலாம் என்று கிளம்பினேன்.

கால் மணி நேரம் முன்னதாகவே போனேன். உள்ளே ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார்கள். நேரத்தைத் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பதறினேன். அவர்களிடம் காலை மன்றாட்டு முடிந்ததும் இடைவெளி இல்லாமல் திருவழிபாடு தொடங்கிவிடுமாம். அதனால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் வாசலில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மணலில் நட்டு, அங்கிருந்த ஐகான் எனும் புனிதப் படத்தை முத்தமிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

எனக்கு முதல் தடுமாற்றம் அந்த முத்தம்தான். படத்தை முத்தமிடுவதா? எங்கள் சபையில் சுவரில் ஒரு சிலுவைகூடக் கிடையாது. நான் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினேன். முத்தமிடவில்லை. அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. இந்தக் கேள்விக்காக அவர்களே நூறாண்டுக்கும் மேல் விட்டுவிட்டுச் சண்டையிட்டார்கள், நடுவே 787ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் அதற்குப் பதில் வகுத்தது, சண்டை 843இல்தான் ஓய்ந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். படத்துக்குச் செய்வது வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பது அந்தச் சங்கம் கண்ட முடிவு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் விவரம் தெரியாமல் செய்கிறார்கள் என்ற என் எண்ணம் அன்றோடு போய்விட்டது.

உள்ளே பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஐகான்கள் நிறைந்த ஒரு சுவர். நடுவில் கதவு. குருவானவர் பெரும்பாலும் அந்தப் பக்கம் நின்று, நம்மைப் போலவே கிழக்கு நோக்கி ஜெபிக்கிறார். ஆர்கன் இல்லை, கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை. மனிதக் குரல் மட்டும்தான். ஒருவர் ராகத்தை இழுத்துப் பாட, மற்றவர்கள் அடியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதி கிரேக்கம் என்பதால் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "கிரியே எலெய்சோன்" மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. ஆண்டவரே இரக்கமாயிரும் என்று அர்த்தம். சமாதானத்துக்காக, மழைக்காக, பயணத்தில் இருப்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக, சிறைப்பட்டவர்களுக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மக்களின் பதில் அது ஒன்றுதான்.

முதல் அரை மணி நேரம் எனக்குக் கால் வலித்தது, மனம் அலைந்தது. அவர்கள் நின்றுகொண்டே ஆராதிப்பவர்கள். ஓரத்து நாற்காலிகளில் முதியவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் எந்த இடத்தில் என்று தெரியவில்லை, ஒரு சிந்தனை வந்தது. எங்கள் சபையில் நான் சோர்ந்திருக்கும் நாளில் ஜெபம் செய்ய வார்த்தை கிடைக்காமல் திணறுவேன். சுற்றிலும் எல்லோரும் உரக்க ஜெபிக்கும்போது, என் வாய் மட்டும் வெறுமனே அசைந்துகொண்டிருக்கும். இங்கே யாரும் என்னிடம் வார்த்தை கேட்கவில்லை. யோவான் கிறிசோஸ்தோமின் பெயரால் வழங்கும் வழிபாட்டு முறை அது. அவர் 407ஆம் ஆண்டு நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்த பேராயர். அத்தனை பழமையான ஜெபம், நான் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கிற ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அதில் கால் நனைத்து நின்றால் போதும் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

நடுக்கதவு திறந்து, குருவானவர் கிண்ணத்தோடு வெளியே வந்தார். மக்கள் வரிசையாகப் போனார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞானஸ்நானம் கொடுத்த உடனேயே அவர்கள் பிள்ளைகளுக்கும் இராப்போஜனம் உண்டு. அந்த நெகிழ்ச்சியில் நானும் வரிசையில் நின்றுவிட்டேன். நான் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசி, இராப்போஜனத்தில் பங்கெடுக்கிறவள், இதில் என்ன தடை இருக்கும் என்பது என் எண்ணம். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஒன்றாகவே கலந்து, சிறிய கரண்டியால் வாயில் கொடுக்கிறார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பேர் ஒரு சிவப்புத் துணியைப் பிடித்திருக்கிறார்கள். கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். என் முறை வந்தபோது அவர் குனிந்து, "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "ஆர்த்தடாக்ஸில் ஞானஸ்நானம் பெற்றவரா?" இல்லை என்றேன். கிண்ணத்தைச் சற்றுப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்போது முடியாதம்மா. முடிந்ததும் என்னிடம் வந்து பேசுங்கள்" என்றார்.

என் இடத்துக்கு எப்படித் திரும்பி வந்தேன் என்று நினைவில்லை. முகம் எரிந்தது. அவமானம் என்று சொல்ல மாட்டேன், துக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்டவருடைய பந்தியில் எனக்கு இடமில்லை என்று ஒருவர் சொல்ல நான் கேட்டது அதுவே முதல் தடவை. வெளியே போய்விடலாம் என்று கைப்பையை எடுத்தேன்.

எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா போய் வாங்கிவிட்டுத் திரும்பினார். திரும்பும்போது பக்கத்திலிருந்த கூடையிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்தார். நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து மூடினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எனக்குத் தெரியாது.

அதன் பெயர் ஆண்டிடோரோன். "காணிக்கைக்குப் பதிலாக" என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இராப்போஜனத்துக்காக ஒரே ரொட்டியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை ஆசீர்வதித்துத் துண்டுகளாக்கி வைக்கிறார்கள். பந்தியில் சேர முடியாதவர்களுக்கும் அது உண்டு. நான் அதை நின்றுகொண்டே சாப்பிட்டேன், கடைசி வரை இருந்தேன்.

பிறகு குருவானவரிடம் பேசினேன். அவர் மன்னிப்புக் கேட்கவுமில்லை, என்னைக் கண்டிக்கவுமில்லை. அந்தப் பந்தி, ஒரே விசுவாசத்தையும் ஒரே வாழ்க்கையையும் ஏற்கெனவே பகிர்ந்துகொண்டவர்களின் அடையாளம் என்றார். தம் மக்களிலேயே உபவாசமும் பாவ அறிக்கையும் இல்லாமல் வந்தவர்கள் அன்று எழுந்து வரவில்லை என்பதையும் சொன்னார். ஆதி சபையில் ஞானஸ்நானம் பெறாதவர்களை இந்தப் பகுதிக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்களாம். "கதவுகள், கதவுகள்!" என்று உதவிக்குரு அறிவிக்கும் குரல் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆனால் இன்று யாரையும் அனுப்புவதில்லை.

எங்கள் சபையில் யார் வந்து உட்கார்ந்தாலும் தட்டு அவர்கள் முன்னாலும் போகும். "தன்னைத்தான் சோதித்தறிந்து" எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதை நான் இன்னமும் சரியென்றே நம்புகிறேன். ஆனால் எங்களிடம் வந்து, எடுக்காமல் தட்டைக் கடத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு என்ன கொடுக்கிறோம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

* * *

சகோதரி, உங்கள் அனுபவத்தின் மறுபக்கம் என்னிடம் இருக்கிறது. நான் கத்தோலிக்கன். உங்களுக்குக் கதவு மூடியிருந்தது. எனக்குத் திறந்திருந்தது, நான்தான் நுழைய முடியாமல் நின்றேன்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த நண்பரோடு ஒரு சனிக்கிழமை போனேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். முதலில் வேதபாட வகுப்பு, அங்கே கேள்வி கேட்கலாம், மறுத்தும் பேசலாம். இரண்டு பேர் தானியேல் ஆகமத்தைப் பற்றிக் காரசாரமாக விவாதித்தார்கள். திருப்பலிக்கு முன்னால் எங்களிடம் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று அவர்களுக்கு இராப்போஜன நாள் என்பது எனக்குத் தெரியாது. பொதுவாகக் காலாண்டுக்கு ஒரு முறைதான் நடக்குமாம். அதற்கு முன் கால் கழுவும் சடங்கு. யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். பிறகு ஆண்கள் ஒரு அறைக்கும் பெண்கள் ஒரு அறைக்கும் போனார்கள். எங்களிடம் பெரிய வியாழனன்று குருவானவர், தேர்ந்தெடுத்த சிலரின் பாதங்களைக் கழுவுவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே பார்வையாளர் என்று யாருமே இல்லை. எல்லோரும் கழுவ வேண்டும், எல்லோரும் கழுவக் கொடுக்க வேண்டும்.

என் நண்பர் என்னோடு சேர்வார் என்று நினைத்தேன். அதற்குள் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தண்ணீர்த் தொட்டியோடு என் முன்னால் முழங்காலிட்டுவிட்டார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். என் அப்பா வயது. அவர் என் காலைத் தொடுவதா என்று கூசிப்போய் காலை இழுத்துக்கொண்டேன். பேதுரு "என் கால்களை நீர் ஒருக்காலும் கழுவக் கூடாது" என்று சொன்னதை ஆண்டுதோறும் கோயிலில் கேட்டிருக்கிறேன். அது அடக்கத்தில் சொன்ன வார்த்தை என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது தாங்க முடியாமல் வரும் வார்த்தை. அவர் காத்திருந்தார். நான் காலை நீட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர். விரல் இடுக்குகளையும் துண்டால் துடைத்தார். பிறகு நான் அவர் பாதங்களைக் கழுவினேன். இரண்டு குதிகாலும் வெடித்திருந்தன. எழுந்து, கட்டிக்கொண்டு, எனக்காக ஒரு வரி ஜெபித்தார்.

மீண்டும் ஆலயத்துக்குள் வந்ததும், கிறிஸ்துவை நம்புகிற எவரும் பந்தியில் சேரலாம் என்று அறிவித்தார்கள். புளிப்பில்லாத அப்பமும் புளிக்காத திராட்சைச் சாறும் தட்டில் வந்தன. எங்கள் திருச்சபையின் சட்டப்படி நான் அங்கே பெறக் கூடாது. நற்கருணையைப் பற்றி நாங்கள் நம்புவதும் அவர்கள் நம்புவதும் வேறு. தட்டு என் கைக்கு வந்தது. சற்று முன் என் காலைக் கழுவியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எடுக்காமல் அவரிடம் கொடுத்தேன். அது எனக்கு வலித்தது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார், என் முழங்காலில் லேசாகத் தட்டினார், தன் பங்கை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் சொன்ன அந்த ரொட்டித் துண்டு எனக்கு முன்கூட்டியே கிடைத்துவிட்டது என்று, உங்கள் எழுத்தைப் படித்த பிறகுதான் தோன்றியது.

* * *

நான் கிறிஸ்தவன் அல்ல, ஆகவே நீங்கள் இருவரும் பட்ட சங்கடம் எனக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. நான் போன இடத்தில் அப்பமும் இல்லை, கிண்ணமும் இல்லை, போதகரும் இல்லை.

குவேக்கர்களின் கூட்டம் அது. தங்களை "நண்பர்கள்" என்றே அழைத்துக்கொள்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த இயக்கம். 1947இல் அமைதிக்கான நோபெல் பரிசு இவர்களுடைய இரண்டு அமைப்புகளுக்குத்தான் கிடைத்தது, அந்தச் செய்தியைப் படித்துத்தான் எனக்கு ஆர்வம் வந்தது. உலகில் குவேக்கர்கள் மிக அதிகமாக வாழும் கென்யாவில் பாட்டும் பிரசங்கமுமாக நடக்கும் வழிபாடு உண்டு. நான் போனது மௌனக் கூட்டம்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு முப்பது பேர் இருந்தோம். ஒரு மணி நேரம் மௌனம். இருபது நிமிடம் போல ஆனதும் எனக்கு மறுபடி மறுபடி கடிகாரம் பார்க்கத் தோன்றியது. அப்போது ஒரு பெண் எழுந்து, தன் அண்ணனோடு பதினோரு வருடங்களாகப் பேசவில்லை, இந்த வாரம் கடிதம் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. மௌனம் திரும்பி வந்தது. ஆனால் அது முன்பிருந்த மௌனமில்லை. முப்பது பேரும் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததைப் போல இருந்தது. எனக்கும் எழுந்து சொல்ல ஒன்று இருந்தது. சொல்லவில்லை. கடைசியில் இருவர் கைகுலுக்கினார்கள், உடனே எல்லோரும் பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்க, கூட்டம் முடிந்தது. அந்தப் பெண்தான் எனக்குப் பக்கத்தில். அவர் கை சில்லென்றிருந்தது.

* * *

இரண்டு பேருக்கும் நன்றி. அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று கேட்க வேண்டும்போல இருக்கிறது.

போவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங்கேயே வழக்கமாக வருபவர் ஒருவரிடம், "பந்தி நேரத்தில் என்னைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்காமல் போனேன்.

அடுத்த மாதம் தோழியோடு மறுபடி போனேன். வரிசையில் நிற்கவில்லை, சுவரோரமாக நின்றேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு, வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் கூடைக்குப் போனார். அதற்குள் தோழி தன் துண்டை எனக்காகப் பாதியாகப் பிட்டுவிட்டாள். என் கையில் இரண்டு துண்டுகள். ஒன்றை, எனக்குப் பின்னால் கைப்பையை இறுகப் பிடித்தபடி தனியாக நின்ற ஒரு பெண்ணிடம் நீட்டினேன்.