பூஞ்சை பிடித்த கேசட்டில் காமன் கூத்து: கணினிக்கு மாற்றுவதற்கு முன் என்ன செய்யவேண்டும்?

நோர்வூட்_மூடுபனி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு தகரப் பெட்டி நிறைய கேசட் இருக்கு. முக்கால்வாசி 80, 90கள்ல வந்த சினிமாப் பாட்டு. கொஞ்சம் ரெக்கோர்டிங் பார்ல (கேட்ட பாட்டைப் பதிஞ்சு கொடுக்கிற கடை) கொடுத்துப் பதிஞ்சது, கொஞ்சம் இலங்கை வானொலியில இருந்து நேரா பதிஞ்சது. நாலஞ்சு மட்டும் எங்க தோட்டத்து டிவிஷன்ல நடந்த கூத்துகள்: மன்மதன் கதையான காமன் கூத்தும் பொன்னர் சங்கரும். அதுல பாடினவங்கள்ல பலர் இப்ப இல்ல.

சில கேசட்டுல கண்ணாடி வழியா பாத்தா நாடாச் சுருளோட ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. வீட்டுல ஒரு டெக் இருக்கு. ஓடுது, ஆனா சத்தம் அடைச்ச மாதிரி வருது. லப்டப்ல ஒரே ஒரு ஓட்டைதான், அதுலயே ஹெட்போனும் மைக்கும். எதுல இருந்து தொடங்குறது? சினிமாப் பாட்டுக் கேசட்டையும் மாத்துறதுல பிரயோசனம் இருக்கா? அதெல்லாம் இப்ப இணையத்துல கிடைக்குதே.

தப்புச்சத்தம் பதில்:

முதல்ல ஒண்ணு: வெள்ளை படிஞ்ச கேசட் எதையும் இப்போதைக்கு டெக்குல போடாதீங்க. அது பூஞ்சை. ஓடவிட்டா தூள், நாடாவைப் படிக்கிற ஹெட்டுலயும் நாடாவை அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர்லயும் ஒட்டி, அடுத்துப் போடுற நல்ல கேசட்டுக்கும் போகும். சுருளோட சுற்றுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா, வேகமா சுத்தும்போது நாடா அறுந்துடும், இல்லாட்டி மேல்பூச்சு உரிஞ்சிடும். உரிஞ்ச இடத்துல இருந்த சத்தம் போனது போனதுதான்.

வரிசையைப் பொறுத்தவரை கூத்துக் கேசட்டுகள்தான் முதல்ல, அதுல எனக்கு ரெண்டு அபிப்பிராயம் இல்ல. சினிமாப் பாட்டுக்கு எங்கயாவது இன்னொரு பிரதி இருக்கும். ஒரு தோட்டத்துல ஒரு மாசியில நடந்த கூத்துக்கு உங்க கையில இருக்கிறதுதான் பிரதி. ஆனா கையைப் பழக்குறதுக்கு அதை எடுக்காதீங்க. சினிமாக் கேசட் ரெண்டைத் திறந்து மூடிப் பழகிட்டு அப்புறம் தொடுங்க.

உலர்த்துறது இப்படி. மூடி இறுகலான பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், கூடவே சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சை வளரும். டப்பாக்குள்ள 40 முதல் 50 சதவீதத்துல நிக்கணும். கேசட்டுகளைச் செங்குத்தா, இடைவெளி விட்டு, உறையில்லாம வைங்க. ரெண்டு மூணு வாரம் போனா பூஞ்சை ஈரம் வத்திப் பொடியாயிடும். அப்பதான் துடைக்க வரும், ஈரமா இருக்கும்போது துடைச்சா இழுபட்டுப் பரவும். அடுப்புக்குப் பக்கத்துலயோ வெயில்லயோ வைக்காதீங்க, கேசட்டோட பிளாஸ்டிக் ஓடு வளைஞ்சிடும். சிலிக்கா ஜெல்லுல ஆரஞ்சு நிறத்தை வாங்குங்க. அது பச்சையா மாறினா ஈரம் குடிச்சிட்டுதுன்னு அர்த்தம், 110 முதல் 120 பாகை செல்சியஸ்ல சூடாக்கினா திரும்ப ஆரஞ்சாகும். நீல நிறம் வேணாம், அதுல கோபால்ட் இருக்கு.

காலமும் முக்கியம். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை. அந்த நேரத்துல கேசட்டைத் திறந்து மேசையில பரப்பினா உலர்த்தினதெல்லாம் வீண். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் உங்க பக்கம் காய்ஞ்சு இருக்கும், திறக்கிற வேலையை அப்ப வச்சுக்குங்க. பதுளை, பண்டாரவளைக்காரங்களுக்கு இது தலைகீழ். ஜூன் முதல் செப்டெம்பர்தான் அங்க காய்ஞ்ச காலம்.

துடைக்கும்போது வெளியில, காத்தோட்டமான இடத்துல, என்95 முகக்கவசம் போட்டுக்கிட்டு செய்யுங்க. லயத்து வீட்டுக்குள்ள, புள்ளைங்க இருக்கிற இடத்துல வேணாம். சுருளோட தட்டையான பக்கத்தை மென்மையான காஞ்ச தூரிகையால நடுவுல இருந்து வெளிப்பக்கமா தள்ளுங்க. தண்ணியும் வேணாம், ஸ்பிரிட்டும் வேணாம். துடைச்ச சுருளைப் பழைய ஓட்டுல திரும்பப் போடாம வேற சுத்தமான ஓட்டுக்கு மாத்துங்க.

ரீல்பட்டறை பதில்:

தம்பி, மேல சொன்னது அத்தனையும் சரி. நான் டெக்கைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சத்தம் அடைச்ச மாதிரி வர்றதுக்கு மூணு காரணம் இருக்கலாம். முதலாவது ஹெட்டுல அழுக்கு. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோபைல் அல்ககோல்ல பஞ்சுக்குச்சியை நனைச்சு ஹெட், கப்ஸ்டன் (பிஞ்ச் ரோலரோட சேர்ந்து நாடாவை இழுக்கிற உலோகத் தண்டு) ரெண்டையும் துடைங்க. பஞ்சு பழுப்பா வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும். காயத்துக்குப் போடுற சர்ஜிக்கல் ஸ்பிரிட் சரிப்படாது, தண்ணியும் எண்ணெயும் கலந்தது ஹெட்டுல படலம் விடும். பிஞ்ச் ரோலர் ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்தா அது நாடாவைத் தின்னும். சவர்க்காரத் தண்ணியில லேசா துடைச்சும் அந்தப் பளபளப்பு போகலைன்னா புதுசு மாத்துங்க.

இரண்டாவது, கேசட்டுக்குள்ளயே இருக்கிற அழுத்தப் பஞ்சு. நடு ஜன்னல்ல செப்புத் தகடு மேல ஒட்டின சின்னத் துண்டு அது. பசை காஞ்சு விழுந்தா நாடா ஹெட்டோட ஒட்டி ஓடாது, சத்தம் மங்கி மங்கி வரும். ஒரு கேசட்டுல மட்டும் அப்படின்னா முதல்ல இதைத்தான் பாக்கணும். மலிவான வேற கேசட்டுல இருந்து தகட்டோட சேர்த்துக் கழட்டி மாத்திடலாம்.

மூணாவதுதான் பலர் கவனிக்காதது: ஹெட்டோட சாய்வு, அதாவது அசிமத். பதிஞ்ச மெஷினோட ஹெட்டும் ஓட்டுற மெஷினோட ஹெட்டும் ஒரே கோணத்துல நிக்காட்டி உச்சஸ்தாயி செத்துப்போகும். தோட்டத்துல கையில தூக்கிப் போற ரெக்கோர்டர்ல பதிஞ்ச கூத்துக்கெல்லாம் இந்தக் கோணம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேறயா இருக்கும். ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் திருகாணி இருக்கும். ஸ்பிரிங் வச்ச பக்கம்தான் சாய்வைத் திருத்துறது, பெரும்பாலும் மேல பெயின்ட் பூசியிருக்கும். முதல்ல அது நிக்கிற இடத்தைக் கோடு போட்டுக் குறிங்க. கேசட் ஓடும்போதே, காந்தம் ஏறாத சின்ன ஸ்குரூட்ரைவரால மெல்லத் திருப்புங்க. கால் சுற்றுக்கு மேல தேவைப்படாது. கணினியில மோனோவா கேட்டுக்கிட்டே செய்யுங்க. இடதும் வலதும் பொருந்துற இடத்துல தப்பு மேளத்தோட குச்சிச் சத்தம் பட்டுன்னு திறந்து வரும். தாண்டிட்டா திரும்ப அமுங்கும். அந்தக் கேசட் முடிஞ்சதும் குறிச்ச இடத்துக்கே கொண்டுவந்துடுங்க, அடுத்ததுக்கு மறுபடி திருப்புங்க.

இதைப் பதியும்போதே செய்யணும். சாய்வு பிழையா ஓட்டிப் பதிஞ்சதைப் பிறகு கணினியில டிரெபிள் ஏத்திக் கேட்டா இரைச்சல்தான் ஏறும், போன சத்தம் வராது.

இன்னொண்ணு, டெக்குக்குள்ள பெல்ட் தார் மாதிரி உருகியிருந்தா அதே அல்ககோலால கப்பியெல்லாம் துடைச்சுட்டு, அகலமும் நீளமும் அளந்து சரியான பெல்ட் போடுங்க. காசு கட்டுற ரப்பர் பேண்ட் போட்டா பாட்டு அலையும். பெல்ட், ரோலர் ரெண்டுக்கும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல தேடலாம், அளவைக் கையோட கொண்டுபோங்க.

பண்டாரவளை_அலைவரிசை பதில்:

சினிமாப் பாட்டைப் பற்றி இரண்டு பேரும் பெரிதாகச் சொல்லவில்லை, எனக்குச் சொல்ல இருக்கிறது. கடையில் அச்சுறையோடு வாங்கிய கேசட்டுகளைக் கடைசிக்குத் தள்ளுவது சரி. ரெக்கோர்டிங் பார் கேசட்டுகளை அப்படித் தள்ளாதீர்கள். அங்கே பல பாடல்கள் இசைத்தட்டிலிருந்து நேரே பதியப்பட்டவை. இப்போது இணையத்தில் கிடைக்கும் பழைய பாடல்கள் பலவற்றில் பிற்காலத்தில் எதிரொலி சேர்த்து, சத்தத்தை மட்டமாக அமுக்கி ஏற்றியிருக்கிறார்கள். வயலின் கூட்டம் மெல்லத் தொடங்கி ஏறும் இடமெல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். கேசட்டில் இரைச்சல் உண்டு, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. வானொலிப் பதிவுகள் அதைவிடப் பெறுமதி. பாடலுக்காக அல்ல, இடையில் வரும் அறிவிப்பாளர் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் நேயர் பெயர் வாசிப்புக்கும். பாட்டு மட்டும் போதுமென்று அவற்றை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

லப்டப்பின் ஒற்றை ஓட்டையில் பதியவேண்டாம். அது மைக்குக்கானது, மோனோ. சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வேலையும் பல கணினிகளில் நடக்கும். லைன்-இன் (டெக் போன்ற கருவியின் சத்தத்தை வாங்கும் ஓட்டை) உள்ள ஸ்டீரியோ யூஎஸ்பி ஒலி இடைமுகம் ஒன்று வாங்குங்கள், வாங்கும்போது லைன்-இன் இரண்டு சேனலா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து ஆர்சிஏ வயர் அதற்குப் போகவேண்டும்.

ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 48,000 ஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவேண்டாம். கூத்துக்கு மைனஸ் 10 வரை இறக்கி வையுங்கள், தப்பு எப்போது ஏறுமென்று தெரியாது. இந்தக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட், சி60 கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிகாபைட், சி90க்கு ஒன்றரை. பிறகு ஃபிளாக் என்ற சுருக்கிய கோப்பாக ஆக்கினால் தரம் குறையாமல் இடம் மிச்சம்.

உம்மென்று இரைந்தால் லப்டப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நிற்கும். இடி மின்னல் காலத்தில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பிற்பகலில் டெக்கை மின்சாரத்தில் விட்டுவைக்காதீர்கள்.

இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பட்டனை, கேசட்டில் அதன் இரட்டை ‘D’ எழுத்து அடையாளம் இருந்தால் மட்டும் போடுங்கள். டொல்பி இல்லாமல் பதிந்ததற்குப் போட்டால் இரைச்சலோடு பாட்டின் கூர்மையும் போய்விடும்.

நோர்வூட்_மூடுபனி:

ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, கூத்துக் கேசட் ஒண்ணுல திருகாணியே இல்ல, ஓடு ஒட்டியிருக்கு. ரெண்டு, பொன்னர் சங்கர் பதிவுல போகப்போக எல்லாருடைய குரலும் கீச்சுக்குரலா ஆகுது. மூணு, தப்பு அடிக்கத் தொடங்கினதும் பாட்டுச் சத்தம் அமுங்கி, நிறுத்தினதும் இரைச்சல் மேல வருது. இதெல்லாம் சரிபண்ண முடியுமா?

ரீல்பட்டறை பதில்:

ஒட்டின ஓட்டைப் பிளக்கிறதுக்கு மெல்லிய கத்தியை ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுல வச்சு, நாடா வெளியில தெரியுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து தொடங்குங்க. மூலைகள்லதான் ஒட்டு பலமா இருக்கும். திறந்ததும் எதையும் தூக்காம ஒரு போட்டோ எடுங்க, நாடா எந்த உருளையைச் சுத்திப் போகுதுன்னு பிறகு அதுல பாக்கலாம். சுருளை அடியில கைகொடுத்துத் தூக்கி, அஞ்சு திருகாணி வச்ச ஓட்டுக்கு மாத்துங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற மெல்லிய வழுக்குத் தாளை மறக்காதீங்க, அது இல்லாட்டி கீச்சிட்டு நின்னுடும். நாடா அறுந்திருந்தா 3.81 மி.மீ. அகல ஒட்டுநாடாவை ஹெட்டுல படாத உள்பக்கத்துல ஒட்டுங்க. செலோடேப் கூடவே கூடாது, பசை கசிஞ்சு அடுத்த சுற்றோட ஒட்டிக்கும்.

தப்புச்சத்தம் பதில்:

கீச்சுக்குரல், பதியும்போது பற்றரி இறங்கினதால. ரெக்கோர்டர் மெதுவாகிட்டே வந்திருக்கு, நீங்க சரியான வேகத்துல ஓட்டும்போது சுருதி ஏறிட்டே போகுது. ஓடாசிட்டியில வேகத்தை மாத்துற டைம் டிராக் போட்டு, தொடக்கத்துல 100, முடிவுல தேவையான அளவுக்குக் குறைச்சு வளைவா இறக்கலாம். எவ்வளவு இறக்குறதுன்னுதான் கேள்வி. தப்போட சுருதியை அளவா எடுக்காதீங்க. பனி இறங்க இறங்கத் தோல் தளர்ந்து சுருதி விழும், நெருப்புல காட்டினதும் திரும்ப ஏறும். ஒரே ராத்திரியில அது பல தடவை மாறியிருக்கும். அதே ஆள் நாடாவோட தொடக்கத்துல பேசின வசனத்தையும் கடைசியில பேசினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டுச் சரிபண்ணுங்க. அந்த ஆளைத் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வச்சா இன்னும் நல்லது.

கரண்டுல போட்டுப் பதிஞ்ச கேசட்டுன்னா வேற வழி இருக்கு. பதிவுல மின்சாரத்தோட 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இருக்கும். அலைவரிசை வரைபடத்துல அது 52ல நின்னா நாடா 4 சதவீதம் வேகமா ஓடுது, வேகத்தை 0.962 ஆக்கினா சரி. ஆனா கேசட்டை நிறுத்தின பிறகும் அந்த இரைச்சல் வந்தா அது உங்க வயரோட இரைச்சல், அதை வச்சுக் கணக்குப் பாக்காதீங்க.

தப்பு வந்ததும் பாட்டு அமுங்குறது ரெக்கோர்டரோட தானியங்கிச் சத்தக் கட்டுப்பாடு. முழுசா சரியாகாது. ஓடாசிட்டியில சத்தத்தை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கிற என்வலோப் கருவியால பாட்டு வரிகளைக் கையால 3, 4 டெசிபல் தூக்கலாம், அதுக்கு மேல போனா செயற்கையா கேக்கும். இரைச்சல் நீக்கியை 12 டெசிபல்ல போட்டா தப்பு அடிச்சதுக்குப் பிறகு வர்ற ரீங்காரமும் சேர்ந்து வெட்டுப்படும். 6 போதும். இதெல்லாம் பிரதியில மட்டும், மூலப் பதிவு கைபடாம தனியா இருக்கட்டும்.

பண்டாரவளை_அலைவரிசை பதில்:

கோப்பின் பெயரிலேயே தோட்டம், டிவிஷன், கூத்து, ஆண்டு, எந்தப் பக்கம் என்பதை எழுதுங்கள். உறையில் எழுதியிருப்பதை இரு பக்கமும் படம் பிடித்து அதே கோப்புறையில் போடுங்கள். மன்மதன், ரதி, வீரபத்திரன் யார் யார் ஆடினார்கள், தப்பு யார் அடித்தார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள், கேசட்டைவிட அவசரம் இதுதான். குடும்பத்தார் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்குக் கொடுப்பது பற்றியும் யோசியுங்கள், இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்து வருகிறார்கள். வீட்டில் இரண்டு இடத்தில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்று கணினியிலுமாக வைத்திருங்கள். மாற்றி முடிந்த கேசட்டையும் எறியாமல் அதே சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.